அப்பா பார்க்காத கோல்

எங்கள் வீட்டில் டிவி பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து பார்க்க, இன்னொருத்தர் பின்பக்கம் நின்று ஏரியல் கம்பைப் பிடிக்க. ஜொகூரின் தம்போயில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிக்கு இதே கதிதான். கம்பை வடக்கே திருப்பினால் மலேசியா வரும். தெற்கே திருப்பினால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வரும். கடப்பிதழ் இல்லாமல், பாலத்து நெரிசலில் நிற்காமல், மணிக்கட்டை லேசாகத் திருப்பியே நாடு மாறுகிற வித்தை ஜொகூர்க்காரர்களுக்கு மட்டும்தான் வாய்த்தது.

அந்த வித்தையில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று ஒரு நினைப்பு எனக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா உள்ளேயிருந்து "வருது... வருது... ஐயோ, போச்சு!" என்று கத்துவதை வைத்தே எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அப்பா என்னை "எஞ்சினியர்" என்றுதான் கூப்பிடுவார். சமையலறைத் தகரக் கூரையை ஒட்டி நின்ற அந்தத் துருப்பிடித்த இரும்புக் கம்புக்கு நானே சொந்தக்காரி மாதிரி நடந்துகொள்வேன். பக்கத்து வீட்டுப் பையன் தொட்டால்கூடச் சண்டைக்குப் போவேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். இடைநிலைப்பள்ளியில் கடைசி வருஷம், ஐந்தாம் படிவம். ஹாக்கி ஆடுவாள். சும்மா ஆடவில்லை, மாநிலத்துக்கு ஆடி, அதற்குமேல் நாட்டின் இளையோர் அணிக்கும் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. அக்காவுக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்மா டிவியைத்தான் கை காட்டுவார். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஹாக்கியெல்லாம் இலவச சேனலிலேயே வருமாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேறொன்றும் ஓடாததால் அதைப் பார்த்தாளாம். சாயங்காலம் பார்த்தால் அம்மாவின் துடைப்பமும் ஒரு எலுமிச்சம் பழமும் வாசலில் ஓடிக்கொண்டிருந்தனவாம்.

நான் டிவி பார்க்கிற வயதுக்கு வந்தபோது ஹாக்கி காசு கட்டுகிற சேனலுக்குப் போய்விட்டது. யார் யாருக்கு விற்றார்கள், என்ன ஒப்பந்தம், இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? வீட்டுக்கு ஒரு டிவி இருந்தது, அதில் ஹாக்கி இல்லை, அவ்வளவுதான். கால்பந்து மட்டும் எங்கே போனாலும் கண்ணில் படும். மாமாக் கடை என்கிற முனைச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வாங்கப் போனால் கால்பந்து, முடிவெட்டும் கடையில் கால்பந்து. அதனால் என் சொந்த அக்கா நாட்டுக்கு ஹாக்கி ஆடுகிறாள், எனக்கோ ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

அப்பாவும் அப்படித்தான். அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னால் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். முழங்கால் வரைக்கும் வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வைத்திருந்தார். தொழிற்சாலையில் கொடுத்தது, கரண்டு அடிக்காமல் இருக்க. ஒரு அளவு சின்னது. தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து அந்த பூட்ஸோடு மல்லுக்கட்டுவார். அவர் முனகுகிற சத்தம்தான் எங்களுக்கு அலாரம். வார இறுதியிலும் பெரும்பாலும் ஷிப்டு இருக்கும். அதனால் அக்கா ஆடுகிற ஒரு ஆட்டத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே தங்கிப் படித்துக்கொண்டே முழுநேரப் பயிற்சி எடுக்கலாம் என்றது கடிதம். கூடவே ஒரு பாரம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதை எடுத்துப் படிப்பார், மடிப்பார், மறுபடி டிவிக்கு அடியில் வைத்துவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்.

"டிவியிலகூடக் காட்டாத ஆட்டத்த நம்பி எப்படிம்மா உன்னை அவ்ளோ தூரம் அனுப்புறது? நாலு பேரு பாத்தாதானே அதுல ஒரு பொழப்பு இருக்கும்?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "ஒரே ஒரு ஆட்டம் பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள்.

"சரி. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா. அவர் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான்.

கொஞ்ச நாளில் அக்காவின் அணி தாய்லாந்துக்குப் போனது. சுற்றியுள்ள நாடுகளின் பெண்கள் இளையோர் போட்டி. கிளம்புகிற அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஃபைனல் வரைக்கும் போவோம்னு நினைக்கிறேன். எப்படியாவது அப்பாவ பாக்க வைடி. நீதானே எஞ்சினியர். கம்ப விட்டேன்னு தெரிஞ்சுது, கொன்னுருவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒன்பது வயது, கொன்றுவிடுவாள் என்றே நம்பினேன்.

சொன்னபடி ஃபைனலுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். நம் பக்கம் அதைக் காசு கட்டுகிற விளையாட்டுச் சேனல்தான் காட்டும் என்றார்கள். எதிர்வீட்டில் கூரைமேல் டிஷ் இருந்தது. ஆனால் அவர்கள் தமிழ் நாடகத்துக்கு மட்டும் கட்டியிருந்தார்கள், விளையாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அப்பா அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டார். புது இணைப்புக்கு ஆள் வர அடுத்த வாரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு மாமாக் கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனுஷன், அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"அலாமா, அண்ணே! அதே நேரத்துல நம்ம ஜொகூர் டீம் கால்பந்து இருக்குலா. நான் ஹாக்கிய போட்டேன்னா நீங்க ஒருத்தர்தான் உக்காந்திருப்பீங்க. மத்தவங்க என் கடைய மேசையோட தூக்கிட்டுப் போயிருவாங்க."

அப்பா சிரித்தார். ஆனால் ரொட்டி சானாய்கூட வாங்காமல் மோட்டாரைக் கிளப்பினார்.

அப்போது எனக்குத்தான் பொறி தட்டியது. ஃபைனலில் எதிரணி சிங்கப்பூர். அவர்கள் பெண்கள் ஃபைனல் ஆடுகிறார்கள் என்றால் அவர்கள் சேனலில் காட்டாமல் இருப்பார்களா? மோட்டாருக்குப் பின்னாலிருந்தே அப்பாவின் முதுகில் தட்டிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தெற்கே திருப்பிப் பார்த்தோம். அந்தச் சேனலில் விளம்பரமே ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு, நேரடி, இலவசம். நம் நாட்டுப் பிள்ளையைப் பார்க்க நம் சேனலில் வழியில்லை, எதிராளி வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். அப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

ஞாயிறன்று பெக்கான் நானாசில் அம்மாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யாராவது தலைகாட்டியே ஆக வேண்டும். அம்மா மட்டும் போனார். அப்பா வயிற்று வலி என்று சொல்லிவிட்டார், அம்மாவும் நம்புகிற மாதிரி நடித்தார். ஆக வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

கம்பைக் கட்டியிருந்த கம்பி போன வாரக் காற்றில் அறுந்துபோயிருந்தது. அப்பா துணியால் கட்டிப் பார்த்தார், அடியில் செங்கல் வைத்துப் பார்த்தார். கையை எடுத்தால் கம்பு அரை அங்குலம் திரும்பும், திரையில் சோளப்பொரி பொரியும். கையை வைத்தால் படம் வரும். வேறு வழியில்லை, யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அப்பா பார்த்தாக வேண்டும். எனவே நான் பிடித்தேன்.

முதல் பாதியெல்லாம் நான் கேட்டது அப்பாவின் குரலைத்தான். சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு வர்ணனை வந்தது. ஆட்டத்தைப் பற்றிய வர்ணனையில்லை, அவருடைய திண்டாட்டத்தைப் பற்றியது.

"எல்லாப் புள்ளையும் ரெண்டு ரெண்டா ஓடுதும்மா! லேசா இடப்பக்கம்! ஆ, அப்படியே இரு!" பிறகு, "ஏன்டா ஊதுற? அந்தப் புள்ள என்னடா தப்பு பண்ணுச்சு?" நடுவர் விசில் ஊதுகிற ஒவ்வொரு முறையும் அப்பா இதைக் கேட்டார். ஒரு விதியும் அவருக்குத் தெரியாது. நிழலடித்த அந்தப் படத்தில் எது தன் பிள்ளை என்று கண்டுபிடிக்கவே அவருக்குப் பாதி ஆட்டம் போய்விட்டது. கண்டுபிடித்ததும், "அந்தா! குதிரைவால் போட்டுக்கிட்டு! நம்ம புள்ளதான்!" என்று அலறினார். எனக்கும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கையை எடுக்க முடியாதே!

இடைவேளையில் எனக்கு ரோஸ் சிரப் கலந்து எடுத்து வந்தார். கோல் ஒன்றும் விழவில்லையாம். "இன்னும் கொஞ்ச நேரந்தான்டா எஞ்சினியரே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சேனலைக் கண்டுபிடித்தது யார்? நான். காலையிலிருந்து கம்பைப் பிடித்துப் பழகியது யார்? நான். ஒரு நிமிஷம்கூடப் பார்க்காதது யார்? அதுவும் நான்தான். "நீ போய்க் கொஞ்சம் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. ஜொகூர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. காற்று அடித்தது, கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டு வேலிக்குத் தாவின. தூரத்தில் குடுகுடுவென்று இடிச் சத்தம். கை கடுத்தது, துருவெல்லாம் உள்ளங்கையில் ஒட்டியது. உள்ளே கொஞ்ச நேரமாக அப்பாவின் சத்தமே இல்லை. ஆட்டத்தில் அவ்வளவு ஆழ்ந்துபோய்விட்டார், என்னை மறந்தே போய்விட்டார் என்று நினைத்தேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. போங்க எல்லாரும் என்று கையை விட்டேன்.

வழுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். இதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

விட்ட அடுத்த நொடி பின்கதவு திறந்தது. அப்பா நின்றார். காலில் அந்தக் கறுப்பு பூட்ஸ். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வானத்தைத்தான் பார்த்தார். கம்பை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துச் சற்று முரட்டுத்தனமாகவே கதவுப் பக்கம் தள்ளினார். "உள்ள போ. கதவச் சாத்திக்கோ. போய்ப் பாத்து எனக்குச் சொல்லு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முரண்டு பிடித்ததற்கு இவ்வளவு பெரிய பரிசா! இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் முதல் பாதியிலேயே விட்டிருப்பேனே என்று நினைத்துக்கொண்டு டிவி முன்னால் அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மழை தகரத்தில் அடிக்க ஆரம்பித்தது. அப்பா ஜன்னல் வழியாகக் கத்துவார், "என்னம்மா ஆச்சு?" நான் கத்துவேன், "ஓடுறாங்கப்பா!" எனக்குத் தெரிந்த வர்ணனை அவ்வளவுதான்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அக்கா கோல் போட்டாள். அதை நான் பார்த்தேன். யாரோ ஒரு பெண் ஓங்கி அடித்தாள், கோல்காரி காலால் உதைத்துத் தள்ளினாள், பந்து கூட்டத்துக்குள் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தது. அக்கா தடுமாறி முட்டிபோட்டு விழுந்தாள். விழுந்தபடியே மட்டையை நீட்டி ஒரு தட்டு. பந்து மெதுவாக, போவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி உருண்டு உருண்டு உள்ளே போனது. அவ்வளவுதான். வர்ணனைக்காரர் சிங்கப்பூர்க்காரர், வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"கோலு! அக்கா கோலுப்பா!" என்று கூரை அதிரக் கத்தினேன்.

அப்பா கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் உள்ளே வந்ததும் படம் போய்விட்டது. திரும்ப ஓடினார், படம் வந்தது. அவர் வந்தால் அது போகிறது, அவர் போனால் அது வருகிறது. கடைசியில் நானே வெளியே ஓடப்போனேன், அதற்கும் விடாமல் மறித்தார். இந்தக் கூத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. தோற்ற ஆட்டத்தை எந்தச் சேனல் திருப்பிப் போடும்? உடனே சமையல் நிகழ்ச்சிக்குத் தாவிவிட்டார்கள்.

அப்பா நனைந்த கோழியாக உள்ளே வந்து நின்றார். பூட்ஸைக் கழற்றினால் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு. "நெசமா போட்டாளா? சொல்லு, எப்படிப் போட்டா?"

இங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைச் சொன்னேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்தக் கோல் பார்க்க நன்றாக இல்லை, அதுதான் காரணம். முட்டிபோட்டு விழுந்து உருட்டிவிட்டதை எப்படிப் போய்ச் சொல்வது? மழையில் நின்ற மனுஷனுக்கு இதுவா பரிசு? மாமாக் கடையில் பார்த்த கோல்கள் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றை எடுத்து அக்காவுக்கு மாட்டிவிட்டேன். நடு மைதானத்திலிருந்து பந்தை எடுத்தாள், மூணு பேரைத் தாண்டினாள், வந்த பந்தைக் காலால் அழகாக நிறுத்தினாள், ஒரே அடி, வலையின் மேல் மூலை! அப்பா மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு ஆளைத் தாண்ட வைத்தேன்.

சொல்லி முடித்ததும்தான் அக்காவின் மிரட்டல் நினைவுக்கு வந்தது. அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கம்பை விட்டதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று கெஞ்சினேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"சொல்லலம்மா. யாருகிட்டயும் சொல்லல. நீ பிடிச்ச, நான் பாத்தேன். சரியா?"

ராத்திரி தாம்பூலப் பையும் அன்னாசிப்பழமுமாக வந்த அம்மாவுக்கும் இதே கதைதான் சொல்லப்பட்டது.

மூன்று நாள் கழித்து அக்கா வந்தாள். கழுத்தில் பதக்கம். பையைக்கூட இறக்கவில்லை, மட்டை தோளிலேயே இருந்தது. "பாத்தீங்களாப்பா?" என்றாள்.

"பாக்காம? முழுசாப் பாத்தேன்" என்றார் அப்பா. எழுந்து நின்றுகொண்டார், உட்கார்ந்து சொல்கிற கதையா அது? "நடுவுலேருந்து எடுத்த பாரு! அஞ்சாறு பேரு! பந்து வந்துச்சு, அப்படியே காலால ஒரு நிப்பாட்டு நிப்பாட்டின பாரு..." என்று தன் காலைத் தூக்கிச் செய்தே காட்டினார்.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பாவின் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "அப்படியாப்பா?" என்றாள். "டயர்டா இருக்கு, குளிக்கப் போறேன்" என்று உள்ளே போய்விட்டாள். பயணக் களைப்பு என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ரகசியம் தப்பித்த நிம்மதியில் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஹாக்கியில் கோல்காரியைத் தவிர வேறு யார் காலில் பந்து பட்டாலும் தப்பு. அதற்குத்தான் அன்றைக்கு அத்தனை தடவை விசில் ஊதினார்கள். இது எனக்குத் தெரியவந்தபோது பதினான்கு வயது, பள்ளி உடற்கல்வி ஆசிரியை சொன்னார். அப்பா காலைத் தூக்கிக் காட்டியதும் அக்காவின் சிரிப்பு நின்றதும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகப் பொருந்தின.

அக்கா வந்த மறுநாள் காலையிலேயே அப்பா அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு டிவிமேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அக்கா அதை எடுக்கவே இல்லை. கெடு முடிந்த பிறகு அப்பா கேட்டதற்கு, மனசு மாறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். பள்ளியில் அவளுக்காகக் கைதட்டினார்களாம். எந்தச் சேனலில் வந்தது, எங்கே பார்க்கலாம் என்று கூட்டாளிகள் கேட்டார்களாம். சொல்ல ஒன்றுமில்லை. பத்திரிகையில் இரண்டு வரி வந்தது, கால்பந்துப் படத்துக்கு அடியில். ஐந்தாம் படிவம் முடித்ததும் அக்காவும் பாலம் தாண்டி வேலைக்குப் போனாள். அவள் மட்டை பின்கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போனது. இரண்டு வருஷத்தில் அவள் பள்ளியில் பெண்கள் அணியே இல்லாமல் போயிற்று, ஆள் சேரவில்லையாம். எப்படிச் சேரும்? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓட அந்தப் பிள்ளைகள் முதலில் எதையாவது பார்த்திருக்க வேண்டுமே. அக்கா நின்றுபோனதற்கு நான் ஒருத்தியே காரணம் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் தற்பெருமைதான். ஆனாலும் என் பங்கு எனக்குத் தெரியும்.

அப்பா படுத்த படுக்கையான பிறகு, அந்த ஆட்டத்தை எப்படியாவது தேடி எடுத்து அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்தது எனக்கு. இணையத்தில் தேடினேன். காட்டிய சேனலுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். அந்த ஒரு தடவை காட்டத்தான் உரிமை வாங்கினார்களாம், ஒப்பந்தம் எப்போதோ முடிந்ததாம், பதிவு கைவசம் இல்லையாம். விற்றவர்களுக்கு எழுதினேன். பதிலே இல்லை. அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவரும் தன் வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பின்பக்கத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம், நானும் அக்காவும். அந்தக் கம்பு இன்னும் நின்றுகொண்டிருந்தது, உபயோகமில்லாமல். அக்கா அதில் சாய்ந்துகொண்டு சொன்னாள், "அப்பா என் ஆட்டத்த ஒரு தடவகூட பாக்கலடி. அதுகூடப் பரவால்ல. பாத்தேன்னு சொன்னாங்க பாரு, அதான் எனக்குத் தாங்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பை விட்டது, அப்பா வந்தது, கதை கட்டியது, கெஞ்சியது, ஒன்று விடாமல். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கம்பின் துருவை நகத்தால் சுரண்டினாள். பிறகு கேட்டாள், "நீ விட்டப்புறம் அப்பா எவ்ளோ நேரத்துல வெளிய வந்தாங்க?"

"உடனே."

"பூட்ஸோடயா?"

"ஆமா."

"அந்த பூட்ஸ மாட்ட எவ்ளோ நேரம் ஆகும், மறந்துட்டியா? தினமும் காலைல மல்லுக்கட்டுவாங்களே." அக்கா கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். "இடி இடிச்சுதுன்னு சொன்னல்ல? நீ விட்டதுக்கு வரலடி அவங்க. முன்னாடியே கிளம்பிட்டாங்க. கரண்டு வேலை பாத்த மனுஷன். மின்னலுக்கு அந்த பூட்ஸ் எதுக்குமே ஆகாதுன்னு தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சும் உனக்குப் பதிலா வந்து நின்னிருக்காங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே சத்தமில்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அப்பா ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கவில்லை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்ஸ் மாட்டியிருக்கிறார். நான் கையை விட்டிருக்கவே வேண்டாம். நான் விட்டதால் அவர் எதையும் இழக்கவுமில்லை, மறைக்க என்னிடம் ஒரு தப்பே மிச்சமிருக்கவில்லை. இல்லாத தப்பை மறைக்கப் போய், அப்பா அங்கே நின்றதையும் சேர்த்து இத்தனை வருஷம் மறைத்துவிட்டேன்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப நீ பாத்திருக்க. அந்தக் கோல. நெசமாவே."

"பாத்தேன்க்கா. முட்டிபோட்டு விழுந்துட்ட. விழுந்துக்கிட்டே தட்டின. பந்து உருண்டு உருண்டு போச்சு."

"ஆமா," என்றாள் அக்கா. அழுதுகொண்டே சிரித்தாள். "உருண்டுதான் போச்சு."

அதையே அப்படியே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். உருண்டு போன பந்தே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை.